கோட்டைக் கதவும் வீட்டுத் தாழும்

கேள்வி: அந்நியன் வெளியேறினால் தேசம் விடுதலை பெறும், தேசம் விடுதலை பெற்றால் ஒவ்வொருவனும் சுதந்திரன்தானே? பிறகு காந்தியடிகள் தனிமனித சுயராஜ்யம் என்று வேறொன்றை ஏன் வற்புறுத்தினார்?

பதில்: கோட்டைக் கதவு திறந்துவிட்டதென்று கேள்விப்பட்டும் தன் வீட்டுத் தாழை நீக்காமல் உள்ளேயே அமர்ந்திருப்பவனைச் சுதந்திரன் என்பீர்களா? 1909-ஆம் வருஷம் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புகையில், கில்டோனன் காஸில் என்னும் கப்பலில் அமர்ந்து, வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதி, அடிகள் முடித்த 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற சிறு நூலின் சாரம் இதுவே: ஆங்கிலேயனை அனுப்பிவிட்டு அவனுடைய ஆட்சிமுறையை வைத்துக்கொள்வது சுயராஜ்யமாகாது, தன்னைத் தான் ஆளக் கற்றவன்தான் அதன் முதல் பிரஜை.

இது வெறும் வேதாந்தமென்று எண்ணிவிடாதீர்கள். 1940 அக்டோபர் 17-ஆம் தேதி, வார்தாவுக்கு அருகிலுள்ள பவனார் கிராமத்தில், அடிகள் தேர்ந்தெடுத்த முதல் தனிநபர் சத்தியாக்கிரகியாக வினோபா பாவே தன்னந்தனியராக எழுந்து நின்று, ஆங்கிலேயரின் யுத்தத்துக்கு ஆளாலும் பொருளாலும் உதவுதல் தவறென்று பேசியபோது, அன்று அவர் கோரியது ராஜ்யத்தையன்று, மனச்சாட்சி சொன்னதை வாய்திறந்து சொல்லும் உரிமையை. தண்டிக்கு நடந்து ஒரு தேசத்தையே எழுப்பிய அடிகள், இம்முறை ஜனசமுத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியுலகம் அதிகம் அறியாத ஒருவரை முதலில் நிறுத்தி, ஜவஹர்லால் நேருவை இரண்டாமவராக்கினாரே, அந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள்! ஒற்றை மனிதனின் குரலுக்கு இடமில்லாத தேசவிடுதலை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சில நாட்களிலேயே வினோபாவைக் கைது செய்தார்கள். அந்த ஒரு குரலின் கனத்தைச் சர்க்காரும் நன்றாகவே அறிந்திருந்தது.