ஐந்து டிகிரி ஆசாமி

தாம்பரத்தில் குளிர்காலம் என்றால் மார்கழியில் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. சென்னை வெப்பநிலை இதுவரை இறங்கிய அடிமட்டமே 13.9 டிகிரிதான், அதுவும் 1905 ஜனவரியில். இந்த ஊரில், சேலையூர் ஃபிளாட் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து டிகிரிக் குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக் ஏற்றது என்று நடுநிசி வரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார் நம்மவர். உங்கள் அப்பார்ட்மென்ட்டிலும் ஒருவர் இருப்பார். லிஃப்ட் வேலை செய்யும்போதே, முதுகுப்பையில் பத்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறவர் அவர்தான்.

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். டவுன் என்கிற வாத்திறகுப் பைக்கும், பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த சிந்தெட்டிக் பைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் கிண்டிக்குள் சொல்லி முடித்துவிடுவார். இறகு எடை குறைவு, கதகதப்பு அதிகம், சுருட்டினால் சின்னதாகிவிடும். ஆனால் விலை கூடுதல், நனைந்தால் சப்பையாகிப் பிரயோஜனம் இல்லாமல் போகும். பாலியெஸ்டர் கனம், பையில் பாதி இடத்தை அடைக்கும்; நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும், சீக்கிரம் காயும். வெகுநாள் இறகுப் பக்கமே சாய்ந்திருந்தார். வழக்கைத் தீர்த்துவைத்தது முடிச்சூரிலிருந்து வரும் அலுவலக நண்பர். “2015 வெள்ளத்துல எங்க வீட்டு மெத்தையெல்லாம் மிதந்துச்சு சார். நனைஞ்சாலும் வேலை செய்யிற பொருளா வாங்குங்க.” வீட்டில் அம்மாவும், “வாத்து ரோமத்தையாடா போத்திக்கப் போற? பூஜை ரூம் பக்கம் வந்துடாதே” என்று சொல்லிவிட, சிந்தெட்டிக் ஜெயித்தது.

அடுத்தது பருவம். ‘மூன்று பருவப் பை’ என்பது மேல்நாட்டு வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகியவற்றுக்கானது, உறைபனிக்கு ஆகாது. நமக்கும் மூன்று பருவம் உண்டு: வெயில், வடகிழக்குப் பருவமழை, அது வடிந்ததும் கொசு. மூன்றாவதற்கு மட்டும் அந்தப் பை நிச்சயம் உதவும்.

பிறகு டிகிரி. பையின் மேல் இருக்கும் எண்ணைச் சும்மா அச்சடித்துவிடுவதில்லையாம். சூடேற்றிய பொம்மை மனிதனைப் பைக்குள் படுக்கவைத்துச் சோதிக்கிறார்கள். அதற்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் சௌகரிய அளவு சராசரிப் பெண்ணை வைத்து. அதைவிடக் கீழான எல்லை அளவு சராசரி ஆணை வைத்து. இதை ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார். “அப்போ மேல போட்டிருக்கிற அஞ்சு டிகிரி பொம்பளைங்களுக்கா?” என்றார் மனைவி. “ஆமாம்.” “சரி, அப்போ அது எனக்கு. நீங்க பெட்ஷீட் எடுத்துட்டுப் போங்க.” சாம்பார் பரிமாறுவது தொடர்ந்தது.

பை வந்து சேர்ந்த இரவு பரிசோதனை. ஏசியை 16-இல் வைத்தார். அதற்குக் கீழே ஏசியும் இறங்காது. கழுத்து வரை ஜிப்பை இழுத்து, தலைமூடியின் கயிற்றையும் இறுக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கதவைத் திறந்து பார்த்து அலறியதில் பக்கத்து ஃபிளாட் விளக்கும் எரிந்தது. “நல்ல நாளும் அதுவுமா இப்படியா சுத்திக்கிட்டுக் கிடப்பே!” அந்த நேரம் பார்த்து கரன்ட் போனது. ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. இருட்டில், கத்தரிக்கோலோடு மனைவி வந்ததைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் முன்னதைவிடப் பெரிது: “வெட்டாதே! பஞ்சு வெளிய வந்துடும்!”

பையின் எடை ஒன்றேகால் கிலோ. மளிகைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, பாரத்தைக் குறைக்க டூத்பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். அன்று மாலையும் கேம்ப் ரோடு கடையில் வழக்கம்போல இரண்டு போண்டா.

சரி, இதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களை முன்பதிவு முறையில் திறந்தது. வனத்துறை வழிகாட்டியோடு காலையில் ஏறி அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். காட்டுக்குள் படுப்பதற்கு இடமில்லை. கொழுக்குமலைத் தோட்டத்துக் கூடாரம் என்றால் போர்வையும் பையும் அவர்களே தருகிறார்கள். இமயமலைக்கு அழைத்துப்போகும் நிறுவனங்களும் பெரும்பாலும் அப்படித்தான். இதையெல்லாம் சொன்னால் நம்மவர் அமைதியாகச் சிரிப்பார். “சொந்தப் பைன்னா அது வேற சார்.”

அவருடைய சித்தப்பா வருஷா வருஷம் மாசி மாதம் வெள்ளியங்கிரி போகிறவர். கையில் மூங்கில் தடி, தோளில் மடித்த பவானி ஜமுக்காளம். ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை ஏறி, மேலே அடிக்கும் குளிர்காற்றில் பாறை ஓரம் கொஞ்சம் கண்ணயர்ந்து, விடிந்ததும் இறங்கிவிடுவார். பையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “கீழ என்னடா விரிப்ப?” நம்மவர் திகைத்துப் போனார். கேள்வி சரியானது. உடம்பு அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிக் காற்றில்லாமல் போகும். பாய் இல்லையென்றால் தரைக்குளிர் நேராக முதுகில் ஏறும். அன்றிரவிலிருந்து பாய் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது.

பை இப்போது பீரோவில் தொங்குகிறது. சுருட்டியே வைத்தால் பஞ்சு உப்புவது நின்றுவிடும் என்பதால், மனைவியின் பட்டுப்புடவைகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கின்றன. கொடைக்கானல் குளிருக்குக் கனகச்சிதமான பை. இன்னும் ஒரு மலையையும் பார்க்கவில்லை. டிசம்பரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் புதிதாக வாங்கிச் செலவழிக்க வேண்டாம், சேலையூரில் கேட்டால் இரவல் தருவார். விளக்கத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போங்கள்.