குண்டு விழுந்த கணக்கு

கடலூர்ப் பக்கம் வெள்ளைக்காரன் நடத்திய முதல் கிராம ஆய்வுக்கு வினாத்தாள் கிடையாது. ஒரு பீரங்கியும் கொஞ்சம் மருந்தும் இருந்தன. அவ்வளவுதான்.

வருஷம் 1690. செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கும்பினிக்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். கோட்டை சரி, சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் என்று ஒப்பந்தம். காணி, குழி என்று அளந்து கொடுத்துப் பழகிய நாட்டில் இப்படியும் ஒரு அளவை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரன் கைத்திறமையைப் பொறுத்தது, பார்த்துச் சுடச் சொல்லுங்கள் என்கிற தோரணையில் சென்னைக் கோட்டையிலிருந்து யோசனை வந்தது. மருந்தை ஒரு கை கூடப் போட்டால் இன்னொரு ஊர் வரும் என்றால் எந்தப் பீரங்கிக்காரனுக்குத்தான் கை வராது?

கிழக்கே கடல். அந்தப் பக்கம் சுட்டிருந்தால் வஞ்சிர மீனுக்குத்தான் தீர்வை போட்டிருக்க வேண்டும். மற்றப் பக்கமெல்லாம் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊரெல்லாம் கும்பினி ஊர். காலையில் மராத்தியர் குடியாக எழுந்து களையெடுக்கப் போனவன், மதியம் கஞ்சி குடிக்க வரும்போது இங்கிலீஷ்காரன் குடி. அவன் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம் என்று கேட்டால், தலைக்கு மேலே ஏதோ விர்ரென்று போனது என்றுதான் சொல்லியிருப்பான். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. கடலூரில் குண்டு சாலையும் இருக்கிறது.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில், 1718இல், அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் புத்தகமும் சரக்குமாக அனுப்பிவைத்தார். நன்றிக்கடனாக அவர் பேரையே அதற்கு வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். ஆக, கடலூர்க் கிராமங்களை வெடிமருந்தால் அளக்க வைத்தவர் பேரில் ஒரு பல்கலைக்கழகமே நடக்கிறது. கள ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

குண்டுக்கு அடுத்தபடியாகச் சங்கிலி வந்தது. 66 அடி நீளம், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம்மவர்கள் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி என்று வைத்திருந்தார்கள். சிதம்பரம் பக்கம் போனால் மா கணக்கு. சர்க்கார் ஏக்கரும் சென்ட்டும் போட்டு எழுதியது, பிறகு ஹெக்டேருக்கும் மாறியது. ஊர் இன்னும் மாறவில்லை. பத்திரத்தில் ஹெக்டேர், டீக்கடையில் காணி, வரப்புச் சண்டையில் முழம்.

சங்கிலி ஊரை விட்டுப் போன பிறகு நோட்டோடு உள்ளூரிலேயே தங்கிவிட்டவர் கர்ணம். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுத வேண்டிய நோட்டுக்கு அடங்கல் என்று பேர். வயலுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஆனால் திண்ணையில் நிழல் இருந்தது, வெற்றிலைப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. தீர்வை வசூல் வருஷத்தில் அதே வயல் தரிசு, நிவாரணம் அறிவித்த வருஷத்தில் பொன் விளையும் பூமி. வாய்க்கால் நீரைத் திருப்ப மண்வெட்டி வேண்டும், கர்ணத்துக்குப் பேனா போதும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. ஆள் மாறினாலும் அடங்கல் அடங்கவில்லை. அக்பர் காலத்துப் பசலி ஆண்டுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருஷம் தவறாமல் ஜமாபந்தியும் நடக்கிறது.

இதற்கெல்லாம் நடுவில் 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் கப்பலில் வந்து இறங்கினார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்த கதையைப் புத்தகமாக எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. மாணவர்களே, லீவுக்கு ஊருக்குத்தானே போகிறீர்கள்? போகிற கையோடு ஊரை எண்ணிக்கொண்டு வாருங்கள்.

யோசனையில் பழுதில்லை. ஆனால் 1916இல் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து கல்லூரியில் படிக்கிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? எண்ணப்படுகிறவன் வீட்டுப் பிள்ளையாக இருக்க வாய்ப்பில்லை. தென்னார்க்காட்டில் அப்போது படியாள் முறை நடப்பில் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக ஆயுசுக்கும் பண்ணையில் உழைத்து, படி அளந்து தருகிற நெல்லில் குடும்பம் நடத்துகிற ஆள்தான் படியாள். அவன் எதிரே சின்ன எசமான் பென்சிலோடு வந்து நின்று, "உனக்கு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? துண்டு இடுப்புக்கு இறங்கும். "ஒரு குறையுமில்லீங்க" என்று வரும். பென்சில் அதை எழுதிக்கொள்ளும்.

அப்படி எண்ணப்பட்ட ஊர்களில் ஒன்று, கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. 1918இல் புத்தகம் வந்தபோது ஆங்கிலத்தில் அதன் பேர் எருவெள்ளிப்பேட் என்று ஏறியிருந்தது. ஊரில் நிகழ்ந்த முதல் மாற்றம் அதுதான்.

பிறகு அந்த ஊரை யாரும் சும்மா விடவில்லை. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981இல் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். பெண் கொடுத்த சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு ஒழுங்காக வந்துபோக மாட்டார்கள். நடுவில் 1993இல் மாவட்டமே இரண்டாகப் பிரிந்து, இருவேல்பட்டு விழுப்புரம் பக்கம் போய்விட்டது. ஆய்வாளர்கள் அங்கேயும் விடவில்லை.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை தடவை போனதால்தான் ஒரு சங்கதி பிடிபட்டது. பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. கூலிக்காரர்கள் வயலுக்கு வெளியே பிழைப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் அரிசி போன்ற அரசு உதவிகள் எசமான் படியை எதிர்பார்க்கிற நிலையை மாற்றியிருந்தன. ஒருமுறை எண்ணினால் தெரிவது எண்ணுகிறவன் நிற்கிற இடம். ஐந்து முறை எண்ணினால் ஊரும் கொஞ்சம் தெரிகிறது. ஸ்லேட்டருக்கு நாம் போட வேண்டிய கும்பிடு அதற்குத்தான். மாணவர்களின் பென்சில் கணக்கை அவர் அச்சில் ஏற்றியிருக்காவிட்டால் பின்னால் வந்தவர்கள் எதோடு ஒப்பிடுவார்கள்?

சிதம்பரமும் சும்மா இருக்கவில்லை. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி.வி. நாராயணசாமி நாயுடு, சென்னை மாகாணக் கிராமக் கடன்களைக் கணக்கெடுத்து 1946இல் அறிக்கை கொடுத்தார். கடனை எண்ணுவது மாட்டை எண்ணுவதுபோல் அல்ல. மாடு கொட்டகையில் நிற்கும், கடன் நெஞ்சுக்குள் நிற்கும். ராஜாஜி அரசு 1938லேயே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்திருந்தது. கடன் இருக்கிறது என்றால் அடுத்த கடன் பெயராது. இல்லை என்றால் நிவாரணம் பெயராது. சம்சாரி என்ன செய்வான்? வந்திருக்கிறவர் யார் என்று பார்த்துக் கடனைக் கூட்டுவான், குறைப்பான். அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. அதுவும் ஒரு பொருளாதாரப் படிப்புதான்.

அந்தப் படிப்பில் எங்கள் ஆயா கரை கண்டவர். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகிற வழியில் வீடு. சுனாமிக்கு அடுத்த வருஷம் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சட்டையை உள்ளே விட்ட பையன் ஒருவன் பதினாலு பக்கப் படிவத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"ஆயா, உங்க மாச வருமானம் எவ்வளவு?"

"எந்த மாசத்தக் கேக்குற தம்பி?"

"சராசரியா ஒரு மாசத்துக்கு."

"சராசரின்னு ஒரு மாசம் வருதா என்ன? தையில அறுப்பு, கையில நாலு காசு இருக்கும். பங்குனியில உளுந்து. ஆடியில கடன் வாங்கணும். ஐப்பசியில வயலும் வீடும் ஒண்ணா மொதக்கும். இதுல எத எழுதப் போற?"

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பையன் பேனா மூடியைக் கடித்தான். ஆயா விடவில்லை.

"ஒனக்கு மாசம் எவ்வளவு தராங்க?"

"அது வந்து... திட்டப் பணம் வந்தாத்தான் ஆயா. மூணு மாசம் பாக்கி."

"வேலையாவது நெலையா?"

"இல்ல ஆயா. இந்தக் கணக்கெடுப்பு முடியிற வரைக்கும்தான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"எங்க ஆயா..."

ஆயா எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"பாவம்டா. மொதல்ல அவன் பேர அதுல எழுதிக்கச் சொல்லு."