கமெரா அண்ணன்

மட்டக்களப்புப் பக்கம் ஊருக்கு ஒரு கமெரா அண்ணன் இருப்பார். அவருக்குக் கடையும் இல்லை, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தொழிலும் இல்லை. ஆனால் கட்டாரிலிருந்தோ சுவிஸிலிருந்தோ எவராவது லீவில் வருகிறார் என்றால், அவருடைய பெட்டிக்குள் எந்தக் கமெரா ஏறவேண்டும் என்று தீர்மானிப்பவர் இவர்தான்.

பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தடியில் பிடிக்கலாம். 1924இல் திறந்த பழைய பாலத்துக்குத் துணையாக 2013இல் புதுப்பாலம் வந்த பிறகு, பழையதில் நின்று பேச அண்ணனுக்கு இடம் தாராளம்.

"மனே, மூத்தவன் கட்டார்ல இரிந்து வாறான். என்ன கமெரா கொண்டுவரச் சொல்ல?"

"எதுக்கு மாமி?"

"படம் எடுக்கத்தான்!"

அண்ணன் இதைப் பதிலாகவே எடுக்கமாட்டார். கொக்கா, கல்யாணமா, கடலா? சின்னவளுக்குச் சாமத்தியச் சடங்கு என்பதை அவர் கறந்தெடுப்பதற்குள், மாமியின் பைக்குள் கிடக்கும் மீன் மணக்கத் தொடங்கிவிடும்.

"அப்ப மண்டபத்துக்குள்ள வெளிச்சம் காணாது மாமி. 36க்கு 24 மில்லிமீற்றர் சென்சர் உள்ள மிரர்லெஸ் வேணும். 1.8 லென்ஸ் ஒண்டும் வேணும். ஆனா சத்தமில்லாத ஷட்டரைப் போட்டிராதீங்க. எல்இடி வெளிச்சத்தில பிள்ளைர முகத்தில வரிவரியா விழும்."

"எத்தின மெகாபிக்சல் மனே?"

"ஆல்பத்தில ஒட்டுற ஆறுக்கு நாலு படத்துக்கு ரெண்டே காணும்."

மாமியின் முகம் சுருங்கும். பக்கத்து வீட்டுக்காரியின் போனிலேயே நாற்பத்தெட்டு இருக்கிறதாம்.

வாவியில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் எடுக்க ஆசைப்படும் இளந்தாரிக்கு வேறு பாடம். "நிகோன் பி1000 எண்டால் 125 மடங்கு சூம், 3000 மில்லிமீற்றர் வரைக்கும் போகும். ஆனா சென்சர் சின்னன். பொழுதுபட்டால் படம் பொரிபொரியா வரும். சரி, மத்தியானம் எடுப்பம் எண்டால் தண்ணிக்கு மேல வெக்கை ஆடும், பறவையும் சேந்து ஆடும்." இளந்தாரிக்கு மிஞ்சுவது காலைப்பொழுது மட்டும். அவனோ பத்து மணிக்கு முன் எழும்பாதவன்.

பாசிக்குடாவுக்குப் போகிறவர் கோப்ரோ பற்றிக் கேட்டால் அண்ணன் சிரிப்பார். "அது மூடியில்லாமலே பத்து மீற்றர் ஆழம் தாங்கும். நீங்க நிக்கப்போறது இடுப்பளவுத் தண்ணியில!"

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த ஒருவர், பாடும் மீனைப் படம்பிடிக்க எது நல்லது என்று கேட்டுவிட்டார். அண்ணன் வாழ்க்கையில் முதல்தடவையாகக் "கமெராவே வேண்டாம்" என்றார். இயேசு சபையைச் சேர்ந்த லாங் பாதிரியார் வாவியில் கேட்கும் அந்த மீனின் ஓசையை ஒலிப்பதிவு செய்ததையும், அது இலங்கை வானொலியில் ஒலித்ததையும் விளக்கினார். வந்தவர் நிம்மதியாக எழும்பும் நேரம், தண்ணீருக்குள் இறக்கும் மைக்குகளில் எது திறம் என்று தொடங்கினார்.

அண்ணனிடம் மட்டும் எல்லாம் உண்டு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்துக்கு வரும்போது தோளில் இரண்டு கமெரா, பையில் நாலு லென்ஸ், ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வராதிருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். சனத்தை எடுக்க அகல லென்ஸா, சுவாமியை எடுக்கத் தூர லென்ஸா? தூரமே என்று முடிவெடுத்து, சென்சரில் தண்ணீர் தெறிக்காமல் துவாயைத் தலைக்கு மேல் போட்டு லென்ஸை மாற்றினார். துவாயை எடுத்தபோது தீர்த்தம் முடிந்து சுவாமி கரையேறியிருந்தார்.

குளத்துக்குள் கழுத்தளவில் நின்ற பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து அவ்வளவையும் எடுத்திருந்தான். அண்ணன் படத்தைப் பார்த்தார். நல்ல படம். பொறாமைப்படும் ஆளல்ல அவர்.

"தம்பி, இத எனக்கு அனுப்பு. சும்மா வட்ஸ்அப்பில போடாத, அது அமத்திப்போட்டுத் தரத்தக் கெடுத்திரும். டொக்கியுமென்டா அனுப்பு."

"அதெப்படி அண்ணன் அனுப்புற?"

அண்ணன் பையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கட்டில் வசதியாக அமர்ந்தார். பொடியனின் தாய் அன்னதானத்துக்கு வரிசையில் நின்று, சாப்பிட்டு, கையும் கழுவிவிட்டு வந்தபோது, போனின் சென்சர் அளவுக்குத்தான் அண்ணன் வந்திருந்தார்.