படமும் ஆணியும்: ஓர் ஆணித்தரமான ஆய்வு

சுவர் என்பது யாது? கூரையைத் தாங்குவது என்பார் கொத்தனார். பக்கத்து வீட்டுப் பேச்சு நம் காதில் விழாமல் தடுப்பது என்பார் அடுக்குமாடி விற்பவர். முன்னது உண்மை. பின்னது விலையில் மட்டும் சேர்ந்திருக்கும். படம் மாட்டும் இடமே சுவர் என்பது எம் கட்சி.

வீட்டில் தொங்கும் அச்சுப் படங்களை ஆராய்ந்தவர்கள் உண்டு. காலண்டர் படங்களின் பொருளாதாரம் பற்றிக் கஜ்ரி ஜெயின் 2007-இல் பெரிய நூலே வெளியிட்டார். படத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். படத்துக்குப் பின்னால் முகம் காட்டாமல் நிற்கும் ஆணியை நான் எடுத்துக்கொள்கிறேன். என் துணிபு இது: நம் வீடுகளில் படம் சேகரிப்பது ஆணிதான். வீட்டுக்காரர் அதற்குச் சம்பளமில்லாத உதவியாளர்.

ஆய்வுக்களம்: எங்கள் வீடு, மாமியார் வீடு, மழைக்கு ஒதுங்கிய சில வீடுகள். ஆய்வுக் கருவிகள்: இரண்டு கண், ஒரு ஸ்டூல், ஒரு சுத்தியல். சுத்தியல் தற்போது கைவசம் இல்லை, அது தனிக்கதை.

முதலில், படம் எப்படி வருகிறது? ‘சேகரித்தல்’ என்னும் சொல் நமக்குப் பொருந்தாது. சேகரிப்பவர் தேடிப் போவார், விலை பேசுவார், வேண்டாததை விடுவார். நாம் ஒரு கிராம் மூக்குத்தி வாங்கப் போய் ஒன்றரை முழ மீனாட்சியோடு திரும்புகிறோம். ஆடிப்பெருக்கன்று நாம் தூக்குவாளியில் சித்திரான்னத்தோடு ஆற்றங்கரைக்குப் போகிற நேரத்தில், சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும் முன்பே நமக்குரிய முருகன் தீர்மானமாகிவிடுகிறார். மார்கழியில் அவர் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய நிலையில் வந்து சேருவார்.

இதற்கு முந்தைய வரலாறு கல்லில் தொடங்குகிறது. 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. கல் ஜெர்மனியிலிருந்து, அச்சுக் கலைஞர்களும் அங்கிருந்தே. லித்தோ என்னும் அந்தக் கல்லச்சு முறையில் ஒரு நிறத்துக்கு ஒரு கல். லட்சுமியின் புடவைக்கு ஒன்று, தாமரைக்கு ஒன்று, மேனிக்கே இரண்டு மூன்று என்று, ஒரு படத்துக்குக் கட்டை வண்டிப் பாரம் கல் வேண்டும். அத்தனை பாரத்தையும் சுமந்து அச்சான லட்சுமி, காகிதமாகி, அரண்மனைச் சுவரைவிட்டு அடுப்பங்கரைச் சுவருக்கு இறங்கி வந்தாள். அவளைத் தாங்க அங்கே ஒரு ஆணி போதுமானதாக இருந்தது. வரலாற்றாசிரியர்கள் கல்லைச் சொல்வார்கள். நான் ஆணியைச் சொல்கிறேன்.

அடுத்த திருப்பம் கோவில்பட்டியில். சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கைக்காரர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வங்கள்தாம் பக்கத்திலுள்ள சிவகாசியில் அச்சேறி வீடு வீடாகப் போயின. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் ஒரு மலை, ஒரு அருவி, சற்றே அளவுக்கு மீறிய அந்தி வானம் இருக்கும். திரை தூக்கியதும் சாமி நமக்காக மேடைக்கு வந்து நிற்பது போலவே எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி, வந்த படம் போகுமா? போகாது. அஃதென்னையெனின், சாமி படத்தை எறியக் கூடாது. தினசரி காலண்டரின் கடைசித் தாளைக் கிழித்த பிறகும் அட்டை ஆணியிலேயே இருக்கும். புதியது அதன் மேலேயே ஏறும். எங்கள் அடுக்களை ஆணியொன்றில் போன பொங்கலுக்கு அகழாய்வு நடத்தினேன். கீழடியில் குழியிறங்கியதுபோல் அடுக்கடுக்காக இறங்கியதில் ஏழு அடுக்குகள் கிடைத்தன. மேலே பிள்ளையார், அதற்கும் கீழே வேறொரு பிள்ளையார், நடுவில் மூடப்பட்டுவிட்ட ஒரு ஜவுளிக்கடை, அடியில் பாதி எண்ணெய்க் கறையான ஒரு பால முருகன். முருகனின் ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு. அதில் இரண்டு நாள் ‘இல்லை’ என்று போட்டிருந்தது. பால்காரர் வராத அந்த இரு நாட்களில் நாங்கள் என்ன குடித்தோம் என்பது அடுத்த ஆய்வாளருக்கு.

சில படங்களுக்குப் பதவி உயர்வு உண்டு. அதற்கு ‘கண்ணாடி போடுதல்’ என்று பெயர். எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பழைய லித்தோ சரஸ்வதி ஒன்று கிடைத்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். கண்ணாடி போடக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கடைக்காரர் பெருமையோடு நீட்டினார். “ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்துச்சு சார், வெட்டி நீட்டாக்கிட்டேன். அளவும் ரெடிமேட் சட்டத்துக்குக் கரெக்டா வந்திருச்சு.” சரஸ்வதியின் வயது, பிறந்த ஊர், குலம் கோத்திரம் எல்லாம் அந்த வெட்டுத் துண்டோடு அவர் கடைக் குப்பைக்குப் போயிருந்தன. வீணையின் குடத்திலும் கொஞ்சம் போயிருந்தது. பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியையாவது வேடிக்கையின்றிச் சொல்கிறேன்: வெட்டக் கூடாது என்று படத்தின் பின்பக்கமே பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.

சட்டத்துக்குள் நடப்பது தனி உலகம். படம் கண்ணாடியை நேரே தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்கால ஈரத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். இடையில் அட்டை மவுன்ட் கொடுத்துச் சற்று விலக்கி வைக்க வேண்டும் என்பது அறிவியல். பின்னட்டையில் மைதாப் பசை இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு அது கல்யாணச் சாப்பாடு. பழைய ஆட்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது அதனால்தான்.

ஆனால் மவுன்ட்டுக்கும் பொட்டுக்கும் தீராத பகை உண்டு. வெள்ளிக்கிழமை வைக்கிற சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் இருக்கின்றன, நெற்றியோ காகிதத்தில். கண்ணாடியின் கனம் இரண்டு மில்லிமீட்டர், மவுன்ட் இன்னும் இரண்டு. நேரே நின்றால் பொட்டு நெற்றியில் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் சற்று ஏறும். வாசல் பக்கம் நகர்ந்தால் புருவ ஓரத்துக்குப் போகும். “பொட்டைச் சரியா வைக்கத் தெரியாதா?” என்று மாமியார் கேட்பது ஒரு கோணம், “சரியாத்தானே அத்தை இருக்கு!” என்று மருமகள் சொல்வது இன்னொரு கோணம். இருவரும் உண்மையே பேசுகிறார்கள் என்பதை நான் எடுத்துக்கூறியபோது இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வைக்குக் கோணம் ஏதுமில்லை.

அடுத்தது நீலமாதல். அச்சில் மஞ்சள், மெஜந்தா, நீலம், கருப்பு என்று நான்கு மை. மஞ்சளும் மெஜந்தாவும் வெயில் தாங்காதவை. ஜன்னலுக்கு எதிரே பத்தாண்டு தொங்கிய படத்தில் மிஞ்சுவது நீலமும் கருப்பும்தான். செந்தூர் முருகனும் செந்தாமரை லட்சுமியும் மெல்ல மெல்லக் கண்ணன் நிறமாகிவிடுவார்கள். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் சைவம் என்று எதுவுமே மிச்சமில்லை. முடிதிருத்தகங்களில் சுருட்டை முடி மாடல்கள் நீல முகத்தோடு சிரிப்பதற்கும் இதுவே காரணம்.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? படத்தின் நடு, தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது மேனாட்டுக் காட்சிக்கூட வழக்கு. நம் சூத்திரம் வேறு: ஸ்டூலின் உயரம், கூட்டல் ஏறியவர் கை எட்டுகிற தூரம். உயரத்தில் மாட்டிய பிறகு கழுத்து வலிக்குமே என்றால், அதற்குச் செட்டிநாட்டு வீடுகள் தீர்வு கண்டிருக்கின்றன. மேலே நீளக் கயிறு, கீழே கட்டை; படம் முன்னால் குனிந்து நிற்கும். நாம் அண்ணாந்து பார்க்க, அது குனிந்து பார்க்கும்.

குனிந்த படத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்கோண இடைவெளி உண்டாகும். திணை மரபில் சொன்னால் இந்நிலத்தின் கருப்பொருள் இங்கேதான் வாழ்கிறது: ஓட்டு வீடாயின் சிட்டுக்குருவி, மற்றதாயின் பல்லி. எங்கள் பெரியப்பா வீட்டில் குருவி குஞ்சு பொரித்த மாதங்களில் காந்தி படத்தைத் துடைக்க யாருக்கும் அனுமதி இருந்ததில்லை.

உரிப்பொருள்? இருத்தல். கண்ணாடி போட்ட பின்னும் மாட்டப்படாமல் பீரோவுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கும் படங்களைச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவரில் ஆணி சுலபமாக இறங்கும், கைப்பிடி மண்ணோடு சுலபமாக வெளியேயும் வரும். கான்கிரீட்டில் ஆணி வளையும். வாடகை வீட்டில் சுவர் சம்மதித்தாலும் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே முன்பு குடியிருந்தவர் எங்கே ஆணியடித்தாரோ அங்கேதான் நம் படம். குளியலறைக் கதவுக்கு மேல் எங்கள் திருமணப் புகைப்படம் தொங்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனியாவது என் துணிபை ஏற்க வேண்டும்.

கண்ணாடி உடைந்த படம் அரசமரத்தடிக்குப் போகும். எங்கள் தெரு முனை மரத்தடியில் இப்போது பதினொரு படங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே மட்டும்தான் எல்லாப் படமும் ஆணியின்றி, கண் மட்டத்துக்கும் கீழே, நிழலில் இருக்கிறது.

ஓரம் வெட்டுண்ட சரஸ்வதி இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான். வீட்டுக்காரர் ஒரே ஒரு ஆணிக்குச் சம்மதித்துவிட்டார். ஒன்றரை அங்குலக் கான்கிரீட் ஆணியும் தயார். சென்ற ஆயுதபூஜைக்கு முன் எங்கள் சுத்தியலை இரவல் வாங்கிப்போன மாடிவீட்டு நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த ஆயுதபூஜைக்குள் கொண்டுவந்து தரவும். பிடியில் பச்சை பெயிண்ட் இருக்கும்.