நம்பர் போட்டால் மணி அடிக்க வேண்டும்

எஸ்.டி.டி. பூத் இருந்த காலத்தில் காஞ்சிபுரத்தில் வெளியூருக்குப் பேசுவது இரவு வேலை. பகலில் முழுக் கட்டணம். இருட்டிய பிறகு பாதி, இன்னும் நேரம் போனால் அதிலும் குறைவு, பதினோரு மணிக்கு மேல் கால் பங்கு. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் அடங்கியதும் மஞ்சள் பலகை மாட்டிய கண்ணாடிக் கூண்டு முன்னால் ஆட்கள் சேருவார்கள். அக்கா வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, ஜரிகை விலை கேட்கவும் சேலை எப்போது அனுப்பலாம் என்று கேட்கவும் தி.நகர் கடைக்கு நம்பர் போடுவார். அம்மா வளைகுடாவில் இருந்த என் தம்பியோடு பேசப் போவாள். கூண்டுக்குள் மீட்டரின் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். அம்மாவின் கண் அதன் மேலேயே இருக்கும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அதோடு சரி. வீட்டில் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் வீட்டுக்கே திரும்பி வரும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். ஆனால் அதன் வழியாகக் குரலில் பேச 2002 ஏப்ரல் 1 வரை அனுமதி இல்லை. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல்.லுக்கு இருந்த ஏகபோகம் முடிந்ததும் அப்போதுதான். அந்த ஏழு வருடமும் அம்மா மீட்டரைப் பார்த்துத்தான் பேசினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். தறியில் உட்காரப் பிள்ளைகள் தயங்கிய நேரம். மாதச் சம்பளம், கம்பெனி பஸ், சீருடை. பிளஸ் டூ முடித்த அக்கா மகள் விடியற்காலையில் மூங்கில் மண்டபம் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பாள். நெசவாளி வீட்டுப் பெண்கள் பலர் அப்படிப் போனார்கள்.

அதே ஆண்டு நோக்கியா உலகச் சந்தையில் விற்ற இ60, இ61, என்80 இன்டர்நெட் எடிஷன் போன்ற கைபேசிகளுக்குள்ளேயே இணைய அழைப்பு இருந்தது. தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். சிப் (SIP) என்ற பொது நெறிமுறையில் சேவை தரும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைப்புகளில் ஒரு தடவை பதிந்தால் முடிந்தது. வைஃபை கிடைக்கும் இடத்தில், வழக்கமான பெயர்ப் பட்டியலிலிருந்தே இணையம் வழியாகக் கூப்பிடலாம். சிப் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேச வழி வைத்த ஏற்பாடு அது.

அது நீடிக்கவில்லை. 2008-ல் வந்த என்78, என்96 கைபேசிகளில் அந்த வசதியை நோக்கியா எடுத்துவிட்டது. அடியில் தொழில்நுட்பம் இருந்தது, முன்னால் அதை இயக்கும் செயலி இல்லை. வேண்டுமென்றால் ஃபிரிங் மாதிரி வெளியார் செயலியை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். செல்போன் சேவை நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில் பணம் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் மாவட்டத் தொழிற்சாலையில் பெரும்பாலும் சாதாரண பட்டன் போன்கள்தான் தயாராயின. அக்கா மகள் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவள் பாட்டிக்கு வேண்டிய போன் இருந்தது. அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

2014 நவம்பர் 1 அன்று அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வரித் தகராறில் சிக்கியதால், நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அவளும் வந்தாள். அடுத்த வருடமே வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்துவிட்டது. அவள்தான் அம்மாவுக்கு அதைப் பழக்கினாள். அம்மா முதல் முறையாக மீட்டர் இல்லாமல் பேசினாள், தெருவில் யார் யாருக்குக் கல்யாணம் என்பது வரைக்கும்.

ஆனால் அந்தச் சந்தோஷம் அமீரக எல்லையில் நின்றது. தம்பி ஷார்ஜாவில். அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை. ஆப்பிள் போனுக்குள்ளேயே இருக்கும் ஃபேஸ்டைமும் அங்கே வேலை செய்யாது. ஆக, உள்ளே பொருத்தி வந்தால் போதும், பிழைத்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அனுமதி பெற்ற செயலிக்கு மாதச் சந்தா கட்டித்தான் அவன் பேசினான். அதே செயலியை அம்மா போனிலும் ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்கைப் வழியாகப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்களுக்கு வேறு விதமான இழப்பு. 2003-ல் தொடங்கிய ஸ்கைப்பை 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. ஆண்ட்ராய்டு 2010-ல் தன் கைபேசிகளுக்குள் வைத்த சிப் அழைப்பை 2021-ல் வந்த 12-ஆம் பதிப்போடு கழற்றியது. பயன்படுத்துகிறவர்களைக் கேட்டு இதில் எதுவுமே நடக்கவில்லை.

கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் நிறம் வேறு, ஊடை வேறு. ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டையும் கோர்த்துக்கொண்டே போக இரண்டு பேர் வேண்டும். அப்படிக் கோர்த்த கரை உடலை விட்டு எளிதில் பிரியாது. இணையப் பேச்சும் தொலைபேசி எண்ணும் இப்படிக் கோர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்கு ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. இணையம் வழியாகப் பேசினால் கூடுதல் கட்டணம் என்று 2014 டிசம்பரில் ஏர்டெல் அறிவித்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதன் அழைப்பு எல்லாமே 4ஜி டேட்டாவாகப் போகிற குரல், வோல்ட்இ. பிறகு, எந்த இணையப் பேச்சுக்குக் கட்டணம் கேட்டார்களோ அதே இணைய முறையில் மற்ற நிறுவனங்களும் தங்கள் அழைப்பைக் கொண்டுபோனார்கள். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை வழியாகவே வழக்கமான நம்பருக்குப் பேசும் வசதியைக் கொண்டுவந்தன.

இதன் அருமை எனக்கு மாமா வீட்டில்தான் புரிந்தது. நீளமான, ஒடுங்கிய வீடு. குழித்தறி கடைசி அறையில். அங்கே சிக்னல் எட்டாது. கால் மிதியில், கை நாடாவில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் மணியே அடிக்காது. வாசலுக்கு வந்து பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு வைஃபை போட்டு, போன் அமைப்பில் வைஃபை காலிங் என்பதை அக்கா மகள் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். புதுச் செயலி இல்லை, புதுக் கணக்கு இல்லை. தறிப் பக்கம் துணிப்பையில் தொங்கும் போன் அதே பழைய நம்பரில் அடிக்கிறது.

வாட்ஸ்அப்பிலிருந்து ஃபேஸ்டைமுக்குப் பேச முடியாது. ஆனால் ஜியோ நம்பரிலிருந்து பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனுக்குப் பேசலாம், ஷார்ஜா நம்பருக்கும் பேசலாம். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் 108-ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது, நம்பர் போட்டுத்தான் ஆகவேண்டும். வெளிநாட்டுக்கு நம்பர் போட்டால் இன்றும் நிமிடக் கணக்கில் காசு ஓடுகிறது. வெளிநாடு போகும் பேச்சும் இணையமாகவே போகக்கூடிய இந்தக் காலத்தில் அந்தக் கட்டணம் ஏன் இறங்கக் கூடாது? செயலிகளும் ஒன்றோடொன்று ஏன் பேசக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கொண்டுவந்த சட்டத்தில், பெரிய நிறுவனங்களின் செய்திச் செயலிகள் மற்றவற்றோடு இணைய வழிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. குரல் அழைப்பும் கட்டம் கட்டமாக அதில் வருகிறது. அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் இத்தனை பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கோரிக்கை இன்னும் பலமாக எழ வேண்டும்.

மாமா தன் அளவில் ஒரு முறை வகுத்துக்கொண்டார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு முந்தியையும் கரையையும் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டுவார், பகல் வெளிச்சத்தில், சேலையைத் திண்ணையில் விரித்து. நிறம் முடிவானதும், "விலை பேச நம்பருக்கே கூப்பிடுங்க, அதுலதான் குரல் தெளிவா இருக்கு" என்பார். அவர்களும் கூப்பிடுகிறார்கள்.