குளிரில் ஏன் மைலேஜ் குறைகிறது?

கேள்வி: குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம். அப்படியென்றால் அமெரிக்கக் குளிர்காலத்தில் கார் மைலேஜ் கூடத்தானே வேண்டும்?

பதில்: ஆக்சிஜன் கூடினால் எஞ்சின் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூடுதலாகக் கேட்குமே! அந்நாட்டு எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நகரத்துக்குள் ஓடும் பெட்ரோல் காருக்கு 25 டிகிரி செல்சியஸில் கிடைக்கும் மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டத்தில் 24 சதவீதம் வரைகூட. குற்றவாளி யார் என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கிறது: சூடேறாத எஞ்சின். கெட்டியான ஆயிலோடு போராடி அது சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. டயரில் இறங்கும் காற்றழுத்தமும், எதிர்த்துத் தள்ளும் அடர்ந்த காற்றும் நெடுந்தூரப் பயணத்திலும் விடுவதில்லை. நிறுத்திவைத்தே சூடேற்றலாமா? வேண்டாம், நின்றபடி எரியும் பெட்ரோலுக்கு மைலேஜ் பூஜ்யம். அரை நிமிடம் கழித்து மெதுவாக ஓட்டுங்கள், எஞ்சின் சீக்கிரமே சூடாகும்.