இலைப் பச்சையா, கடல் நீலமா?

கேள்வி: வியட்நாமிய மொழி படிக்கும் என் மகள், பசுமை நிதி மாநாடுகளில் மொழிபெயர்ப்பாளராக ஆசைப்படுகிறாள். சரளமாகப் பேசினால் போதாதா?
- ஒரு தாய், கூடுவாஞ்சேரி

பதில்: போதாதம்மா! ‘மா’ என்பதையே ஆறு தொனிகளில் சொல்வார்கள். பேய், தாய், நாற்று, கல்லறை எனப் பொருள் மாறும். ஒரு தொனியில் குதிரை. தமிழிலும் மா குதிரைதான், அந்த மட்டில் நமக்குச் சுலபம்! பச்சைக்கும் நீலத்துக்கும் அங்கே ‘ஸான்’ என்ற ஒரே சொல். நிதி மாநாட்டில் பேசப்படும் பசுமைப் பத்திரம் சூரிய மின்சாரம் போன்ற திட்டங்களுக்குக் கடன் திரட்ட, நீலப் பத்திரம் கடல் சார்ந்த திட்டங்களுக்கு. இலையா, கடலா என்று பிரித்துச் சொல்லாவிட்டால் முதலீட்டாளர் குழம்பிப்போவார். பேச்சு பேக்கேஜிங் பக்கம் போனாலும் இதே கவனம் தேவை: ‘மக்கும்’ வேறு, ‘மறுசுழற்சி ஆகும்’ வேறு. வியட்நாமிய மொழிக்கு இங்கேயே தேவை வரலாம்: 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாயிற்று. மகள் தாராளமாகப் படிக்கட்டும். கூடவே பத்திரச் சந்தையையும் படிக்கச் சொல்லுங்கள்.